ஒடிந்த செடிக்கு நாம் செய்யும் தப்பான வைத்தியம்

ஆனி, ஆடியில் நம் குமரி மாவட்டத்துத் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கிற காற்றுக்கு மாடியில் பூந்தொட்டி உருளாத வீடு குறைவு. இலை கிழியும், தண்டு மடங்கும். அதனால் மட்டும் செடி செத்துப்போவது அபூர்வம். உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று நாம் கிளம்புகிறோமே, அதில்தான் பல செடிகள் போகின்றன.

முதல் தவறு, காயத்தில் மஞ்சள், சாணம், மெழுகு என்று எதையாவது அப்புவது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பட்டையை மட்டும் சீவினால் சில வருடங்களில் புதுப் பட்டை வந்துவிடும், கத்தி உள்ளே இருக்கும் தடியைத் தொட்டால் அந்த இடம் முண்டு முண்டாகத்தான் வளரும். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளர்படலம்தான் காயத்தை மூடுகிறது. வீட்டில் வளர்க்கும் ரப்பர் செடி ஆல், அத்தி இனம், தோட்டத்து ரப்பர் வேறு. ஆனாலும் இந்தப் படலம் இரண்டுக்கும் உண்டு. குரோட்டனுக்கும் உண்டு. மணிபிளான்ட், பெரிய புள்ளி இலை உள்ள டிஃபன்பாக்கியா தண்டுகளில் அது இல்லை. வெட்டுவாய் காய்ந்து அடைபடும், அவ்வளவுதான். எதுவாக இருந்தாலும் காயம் உலர வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் அதன் மேல் ஈரப் பூச்சு போட்டால் அழுகலுக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி. மழை படாத, காற்றோட்டமான வராந்தாவில் வைத்தால் போதும்.

தண்டு பாதி மடங்கித் தொங்கினால் கட்டுப் போடலாம், ரப்பர் செடி போன்றவற்றில் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் கட்டுக்கம்பி வேண்டாம். தண்டு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கும், அதற்கு மேலே உள்ள பாகம் காயும். இரண்டு ஈர்க்கிலை இருபுறமும் வைத்து, நனைத்த வாழைநாரால் மடிப்புக்கு மேலும் கீழும் கட்டுங்கள். நகம் நுழைகிற அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். நார் கொஞ்ச நாளில் தானே இற்றுவிடும், அவிழ்க்க மறந்தாலும் பயமில்லை.

முழுசாக ஒடிந்ததை ஒட்டவைக்கப் பார்ப்பது வீண் வேலை. மணிபிளான்ட் என்றால் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போடுங்கள். கணு இல்லாத துண்டு வேர் விட்டாலும் செடியாகாது. பாம்புச் செடியின் இலைத் துண்டை இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள், மேல்பக்கம் கீழே போகாமல். மஞ்சள் ஓரம் உள்ள வகையில் இப்படி வரும் கன்று பச்சையாகத்தான் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

டிஃபன்பாக்கியாவை வெட்டும்போது கையுறை போடுங்கள், துண்டுகளைக் குழந்தைகள் எடுக்கும் இடத்தில் விடாதீர்கள். வாயில் வைத்தால் நாக்கு வீங்கும்.

அப்புறம், கிழிந்த இலையை எல்லாம் மொட்டையடிப்பது. பாதி பச்சையாக உள்ள இலையும் செடிக்குச் சமைத்துப் போடுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை என்றால் பழுப்பு ஓரத்தை மட்டும் கத்தரியுங்கள். அதிலும் பச்சையைத் தொடாமல் நூல் அளவு பழுப்பை விட்டுவிடுங்கள். பச்சையில் வெட்டினால் அதுவும் புதுக் காயம், மறுபடி ஓரம் பழுக்கும்.

அடிபட்ட செடிக்குத் 'தெம்பு' வரட்டும் என்று உரம் போடுகிறவர்கள் நிறைய. வேர் அறுந்திருந்தால் உரத்தின் உப்பு அதை மேலும் கருக்கும். புதுத் தளிர் வரும் வரை உரமே வேண்டாம். இலை குறைந்த செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். மேல்மண் உலர்ந்த பிறகு ஊற்றினால் சரி.

இலை பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் சகஜம். தூசி ஒட்டும், இலையின் சுவாசத் துளைகளும் அடைபடலாம். இலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஈரத்துணியால் துடைத்தால் போதும், கிழியாது.

குளச்சல், முட்டம் பக்கம் இலையோரம் கருகினால் காற்று அடித்த காயம் என்று மட்டும் எண்ண வேண்டாம், உப்புக் காற்றும் அப்படித்தான் கருக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி, நிழலில் உலரவிடுங்கள். மழைக்காலம் முழுக்க உள்ளே இருந்த செடியை ஒரேயடியாக மாடி வெயிலில் வைக்காதீர்கள். முதலில் காலை வெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.