ஸ்டீவ் ஹாரிஸ் சவுண்டைப் பிடிக்கப் போய் எங்கே சறுக்குகிறோம்

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன் 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தது. அந்த பேண்டை 1975-ல் தொடங்கியவரே அதன் பேஸிஸ்ட் (பேஸ் கிட்டார் வாசிப்பவர்) ஸ்டீவ் ஹாரிஸ். அல்சூரிலும் ஃப்ரேசர் டவுனிலும் பேஸ் தூக்கும் நம் பசங்களில் பலருக்கு அந்த ‘தா-தக தா-தக’ குதிரை ஓட்டம்தான் ஆசை.

அந்த ‘டக்’ ஒலியைக் கேட்டதும் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சிறு தகடு) வாங்க ஓடாதீர்கள். ஹாரிஸ் வாசிப்பது விரலால். ஓங்கி அடிக்கும்போது ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் (கிட்டாரின் நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மோதி எழும் சத்தம் அது. அவர் போடுவது ஃபிளாட்வவுண்ட், அதாவது தட்டைக் கம்பி சுற்றிய வழுவழுப்பான ஸ்ட்ரிங். உருண்டைக் கம்பி சுற்றிய சாதாரண ரவுண்ட்வவுண்டில் ட்ரெபிளை (மேல்ஸ்வர ஒலியை) ஏற்றினால் விரல் உரசும் சரசரப்புதான் மிஞ்சும்.

பெரிய கோளாறு ஸ்ட்ரிங் மாற்றும்போதுதான் வருகிறது. அவருடைய செட் 50-75-95-110 (ஸ்ட்ரிங்குகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). கடையில் வாங்கும் பேஸில் பெரும்பாலும் 45-105 இருக்கும். தடித்த செட்டின் இழுவையில் நெக் முன்னால் வளையும், ஸ்ட்ரிங் உயரும். உடனே பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலை இறக்கிவிடுகிறார்கள். மேல் ஃப்ரெட்டுகள் கரகரக்கும். முதலில் நெக்கைப் பாருங்கள். ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தினால் 7-வது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, சுமார் 0.3 மி.மீ., போதும். அதிகமிருந்தால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை (வளைவைச் சரிசெய்யும் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு ராத்திரி விட்டு மறுபடி அளந்து பாருங்கள். இறுகி நின்றால் வலுக்கட்டாயம் வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ட்யூன் பண்ணும்போது ‘டிங்’ என்று கேட்டால் 110 ஸ்ட்ரிங், நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் அமரும் நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது; அதை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டும். ஸ்ட்ரிங்கை வெட்டுமுன் முனையை மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று கழன்று ஸ்ட்ரிங் செத்துவிடும்.

வீட்டில் தனியாக வாசிக்கையில் ஆம்பில் பேஸ் குமிழை (கீழ்ஸ்வர ஒலி) முழுசாக, மிட்டை (நடு ஒலி) பூஜ்யமாக வைத்தால் இனிக்கும். அதே செட்டிங் கோரமங்களா ஜாம் ரூமில் காணாமல் போகும். திறந்த ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். சின்ன கான்கிரீட் அறையில் அந்தக் கீழ்ஸ்வரம் குமுறும், கிக் டிரம்மோடு குழம்பும். பேஸ் குமிழை 12 மணிக்கும் மிட்டை 2 மணிக்கும் வைத்துத் தொடங்குங்கள். ஆம்பை மூலையில் தள்ளாதீர்கள். டிரம்மர் வாசிக்கும்போதுதான் சவுண்டை முடிவு செய்யுங்கள்.

மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால் எர்த் சரியில்லை. டெஸ்டரை ஸ்ட்ரிங் மேல் வைத்துப் பாருங்கள், பல்ப் எரிந்தால் அன்றைக்கு அந்த ரூமில் வாசிக்கவே கூடாது.