பின்னமும் கலப்பெண்ணும் வரும் சமன்பாடுகளைத் தீர்ப்பது எப்படி?

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் 5ய + 7 = 37 என்றால் உடனே தீர்த்துவிடுவார்கள். அதற்குள் ஒரு பின்னம் வந்தால் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். பின்னத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. முதல் இரண்டு வரிகளிலேயே அதை வெளியேற்றிவிடலாம். தெரியாக் கணியத்தை இங்கே 'ய' என்று எழுதுகிறேன்.

சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஒருவர் தன் காணியில் பாதிக்கு நெல்லும் மூன்றில் ஒரு பங்குக்கு உழுந்தும் போடுகிறார். இரண்டும் சேர்ந்து 10 ஏக்கர். முழுக் காணி எவ்வளவு?

ய/2 + ய/3 = 10

படி 1. பகுதிகள், அதாவது பின்னங்களின் கீழே உள்ள எண்கள், 2, 3. அவற்றின் பொது மடங்குகளுள் சிறியது (பொ.ம.சி.) 6.

படி 2. எல்லா உறுப்பையும் 6ஆல் பெருக்குங்கள்.

3ய + 2ய = 60
5ய = 60
ய = 12

அதிகம் புள்ளி போவது இந்த இரண்டாம் படியில்தான். இடப்பக்கத்தைப் பெருக்கிவிட்டு 10ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். 10க்குப் பகுதி இல்லையே என்று தோன்றும். ஆனாலும் அதுவும் ஓர் உறுப்பு. இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால்தான் சமன் குலையாது. 'குறுக்கே பெருக்கு' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கும் இங்கே இடறும். இரு பக்கமும் ஒவ்வொரு பின்னம் மட்டும் இருந்தால்தான் அந்த வழி சரிவரும், பொ.ம.சி. எல்லா இடத்திலும் கைகொடுக்கும்.

இனிக் கலப்பெண். ஏக்கருக்கு 2½ புசல் (நெல் அளக்கும் ஓர் அளவு) விதைநெல். முளைக்காத இடங்களில் பிறகு தூவ 1¾ புசல். மொத்தம் 9¼ புசல் இருக்கிறது. எத்தனை ஏக்கர் விதைக்கலாம்?

2½ய + 1¾ = 9¼

2½ என்பது 2 + ½. இரண்டையும் பெருக்கி 1 என்று எழுதினால் கணக்கு முழுதும் பிழைக்கும். முதலில் முறைமையில்லாப் பின்னமாக மாற்றுங்கள்: 2 × 2 + 1 = 5, ஆகவே 5/2. அதேபோல 7/4, 37/4.

5ய/2 + 7/4 = 37/4

4ஆல் பெருக்கினால்:

10ய + 7 = 37
10ய = 30
ய = 3

3 ஏக்கர். தசமத்துக்கு மாற்றினாலும் இதே விடை வரும். ஆனால் ⅓ போன்ற பின்னம் வந்தால் தசமம் முடிவில்லாமல் நீளும். பின்னமாகவே வைத்திருப்பதுதான் நல்லது.

அடுத்தது கொஞ்சம் கடினம்:

(ய + 1)/2 − (ய − 2)/3 = 2½

2½ஐ 5/2 ஆக்கி, 6ஆல் பெருக்குங்கள். தொகுதியில், அதாவது பின்னத்தின் மேலே, இரண்டு உறுப்புகள் இருப்பதால் அடைப்புக்குறியைக் கட்டாயம் வையுங்கள்.

3(ய + 1) − 2(ய − 2) = 15
3ய + 3 − 2ய + 4 = 15
ய + 7 = 15
ய = 8

அந்த + 4ஐ நிதானமாகப் பாருங்கள். −2ஐ −2ஆல் பெருக்கினால் +4. அடைப்புக்குறி போடாதவர்கள் − 4 என்று எழுதி ய = 16 என்று முடிப்பார்கள். பிழையைப் பிடிக்க விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலே போதும். 8ஐப் போட்டால் 9/2 − 6/3 = 4½ − 2 = 2½; சரி. 16ஐப் போட்டால் 17/2 − 14/3 = 3⅚; பிழை. அரை நிமிடம்கூட ஆகாது. பரீட்சை மண்டபத்தில் இந்தச் சரிபார்த்தலை விடவே விடாதீர்கள்.

தெரியாக் கணியம் பகுதியில் வந்தாலும் வழி அதேதான். 3/ய + ½ = 1¼ என்றால், 1¼ஐ 5/4 ஆக்கி, 4ய ஆல் பெருக்குங்கள்: 12 + 2ய = 5ய, ய = 4. இங்கே ய பூச்சியமாக இருக்கக் கூடாது.

இப்போது நீங்கள் செய்யுங்கள்: 3⅓ய − 1½ = 8½. விடை 3. வேறு எண் வந்தால், 1½ஐயும் 6ஆல் பெருக்கினீர்களா என்று முதலில் பாருங்கள்.