பழைய கான்டெசாவுக்கு சைலன்ஸர் லைன் மாற்றுவது எப்படி

நைனா ஓட்டிய கான்டெசா கிளாசிக் கார் இப்போது என் கையில், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. நம் நாட்டு மசில் கார் என்று இதைச் சொல்வார்கள், நீளமான மூக்கையும் பின்சக்கர இழுவையையும் பார்த்தால் அந்தப் பேர் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே இருப்பது 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் என்ஜின், 90 குதிரைசக்தியைத் தொடாது. சைலன்ஸர் லைன், அதாவது என்ஜினிலிருந்து வால் வரை போகும் புகைக்குழாய் வரிசையை மாற்றப் போகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். எட்டு சிலிண்டர் உள்ள அமெரிக்க வி8 வண்டிகளில் இரண்டரை அங்குலக் குழாய் இரண்டு ஓடுகிறது என்றால், அது ஐந்து ஆறு லிட்டர் என்ஜின் தள்ளும் புகைக்கு.

நானும் முதலில் ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டு இரண்டரை அங்குலக் குழாயும், உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு சைலன்ஸர் டப்பாவும் போட்டேன். தெருவில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஹைவேயில் பள்ளிகொண்டா தாண்டி 2,000 ஆர்.பி.எம். பக்கம் வந்ததும் கூரை உம்மென்று அதிர ஆரம்பித்தது, ஆம்பூர் வரை அம்மா பின் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டே வந்தார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் ஏறிய வண்டி, இந்தக் குழாய் போட்டதற்கப்புறம் முதல் கியர் கேட்டது. ஏனென்றால் ஒரு சிலிண்டர் விட்ட சூடான வாயு குழாயில் வேகமாக ஓடினால் அதன் பின்னால் அழுத்தம் குறைந்து அடுத்த சிலிண்டரின் வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் அந்த வேகம் செத்துவிடும், கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போய்விடும்.

அதனால் பழைய குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, கால் அங்குலம் மட்டும் கூட்டுங்கள். 1.8 என்ஜினுக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் தேவையே இல்லை. 1984-இல் வந்த முதல் வண்டிகளின் 1.5 லிட்டர் என்ஜின் 50 குதிரைசக்திதான், அதற்குப் பழைய அளவே போதும், ஓட்டையில்லாமல் புதிதாகப் போட்டாலே வித்தியாசம் தெரியும். என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்துக் குழாயில் விடும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் பிந்திய எம்.பி.எஃப்.ஐ. வண்டியில், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதையும் எடுக்க வேண்டாம்.

குழாய் எதில் போடுவது? சாதா இரும்பு மலிவு, வெல்டிங் சுலபம், ஆனால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பெட்ரோல் எரிந்தால் நீராவியும் வரும், வீட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்புகிற மாதிரி குட்டி ஓட்டமே ஓடினால் குழாய் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும், அந்த நீர் டப்பாவின் அடியில் தங்கித் தின்னும். டப்பாவின் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிடுங்கள். கையில் காசு இருந்தால் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ். கடையில் மட்டமான 202 கிரேடை 304 என்று கொடுத்துவிடுவார்கள், இரண்டிலும் காந்தம் ஒட்டாது, எனவே பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி வெல்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

கழற்றுவதற்கு முந்தைய ராத்திரியே எல்லா ஸ்டட், நட்டுகளிலும் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். வண்டியை ஜாக்கி மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழையாதீர்கள், நான்கு பக்கமும் ஸ்டாண்டு இருக்க வேண்டும், அல்லது பிட் உள்ள பட்டறைக்குப் போங்கள். மேனிஃபோல்டு ஸ்டட் திரும்பாவிட்டால் பலம் போட்டு முறிக்காமல் நட்டைச் சூடாக்கித் திருப்புங்கள். அப்படியும் முறிந்தால் மிச்சத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் செய்து எடுத்துவிடலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். பெட்ரோல் லைன் பக்கம் தீ வேண்டாம்.

வளைப்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. வெறும் குழாயை மெஷினில் அழுத்தி வளைத்தால் அந்த இடம் நசுங்கிச் சப்பையாகிவிடும், கால் அங்குலம் கூட்டியதெல்லாம் அங்கேயே வீண். உள்ளே குழாயைத் தாங்கிப் பிடிக்கும் மாண்ட்ரல் வைத்து வளைப்பவர் கிடைக்காவிட்டால், காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி இரண்டு முனையும் அடைத்துச் சூடாக்கி வளைக்கச் சொல்லுங்கள். மணல் துளிகூட ஈரமாக இருக்கக் கூடாது, நீராவி சேர்ந்தால் அடைப்பு வெடித்துக் கிளம்பும். ரெடிமேட் எல்போ வாங்கி வெட்டி ஒட்டுவதும் நல்ல வழி. ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) கம்பெனியின் பாய்லர் துணைக்கருவித் தொழிற்சாலை இருக்கிறது, அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் விசாரித்தால் குழாயில் ஆர்கான் வெல்டிங் செய்து பழகிய கைகள் கிடைக்கும். நான் அங்கேதான் செய்தேன், தையல் போட்ட மாதிரி சீராக வந்தது.

கான்டெசாவில் பின் ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும், குழாய் அதற்கு மேலே வளைந்து போகிறது. வண்டியைத் தூக்கி ஆக்ஸில் தொங்கும்போது ஒரு முறை, இறக்கி டிக்கியில் ஆள் உட்கார்ந்து அழுத்தும்போது ஒரு முறை, இரண்டு நிலையிலும் விரல் நுழைகிறதா பாருங்கள். பிரேக் பைப், பெட்ரோல் லைனிலிருந்து குறைந்தது ஒரு அங்குலம் தள்ளி இருக்கட்டும், டேங்கிலிருந்து இன்னும் அதிகம். முழு லைனையும் புள்ளி வெல்ட் மட்டும் வைத்து மாட்டி, எல்லா இடமும் சரி என்று பார்த்த பிறகே முழு வெல்ட். வெல்டரிடம் "அண்ணே, இன்னொரு தடவை மாட்டிப் பார்த்துடலாம்" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். 3 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும், அதனால் ரப்பர் ஹேங்கர்தான் வேண்டும், பாடியோடு இறுக்கிக் கட்டினால் வெல்ட் பிளக்கும். சைலன்ஸர் டப்பா உள்ளே துளைக் குழாயும் சுற்றி கிளாஸ் உல்லும் உள்ளதாக வாங்குங்கள். வாயு நேராகப் போகும், சத்தமும் கனமாக, அடக்கமாக இருக்கும்.

மாட்டியதும் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, வால்குழாயை ஈரத்துணியால் சில நொடி அடைத்து, எங்கே இஸ்ஸென்று கேட்கிறது என்று கவனியுங்கள். இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள், கசிகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. வால்குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீள வேண்டும், இல்லையென்றால் புகை டிக்கி வழியாக உள்ளே ஏறும்.

அப்புறம் கார்புரேட்டர். வாயு சுலபமாக வெளியேறினால் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடலாம். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி, வெள்ளையாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதல்.

சத்தம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம், அதைவிட சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளைத் தாண்டித்தான் நாம் தினமும் போகிறோம். புகைச் சோதனையில் 2000-க்கு முந்தைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி, கார்புரேட்டர் சரியாக இருந்தால் தாராளமாகத் தேறும்.

முதல் இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு, வண்டி முழுதாக ஆறியதும், மேனிஃபோல்டு நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக இன்னொரு முறை இறுக்குங்கள். புது கேஸ்கட் சூட்டில் அமுங்கியிருக்கும், என் வண்டியில் எல்லா நட்டுமே கால் சுற்று போனது.