பலெர்மோவுக்கு வருகிறவர்களுக்கு: முதலில் வீட்டு ஒப்பந்தம்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் வாடகை மலிவு என்று கேள்விப்பட்டுத்தான் பலரும் வருகிறார்கள். அது பொய்யில்லை. வடக்கே மிலானோவில் ஒரு அறைக்குக் கொடுக்கிற காசுக்கு இங்கே குடும்பமாக இருக்கக்கூடிய வீடே கிடைக்கும். ஆனால் ஒப்பந்தத்தை வரித் திணைக்களத்தில் பதிந்த வீடு, பதியாத வீடு என்று இங்கே இரண்டு உண்டு. பதியாத வீட்டைக் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். அந்தக் குறைவுக்கு ஆசைப்பட்டால் மற்ற எல்லா அலுவலும் நின்றுவிடும்.

முதல் சோலி சொஜோர்னோ, அதாவது தங்குவதற்கான அனுமதி அட்டை. நாட்டுக்குள் கால் வைத்து எட்டு வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாணவராக வந்தவர்கள் ‘ஸ்போர்தெல்லோ அமிக்கோ’ கவுண்டர் உள்ள தபால் கந்தோருக்கு நேரே போய் ‘கிட்’ என்று கேட்டால் படிவ உறையை இலவசமாகத் தருவார்கள். குடும்ப இணைப்பிலும் வேலை விசாவிலும் வந்தவர்கள் முதலில் பிரெபெத்தூரா என்கிற மாகாண அரசாங்கக் கந்தோருக்குப் போக வேண்டும். படிவம் அங்கே கிடைக்கும். 16 யூரோ முத்திரையைப் புகையிலைக் கடையில் வாங்குங்கள். உறையை ஒட்டாமல் திறந்தபடியே கொடுக்க வேண்டும். தபாலுக்கு 30 யூரோ, அட்டைக்கு 30.46 யூரோ, அதற்கு மேல் அனுமதியின் கால அளவைப் பொறுத்து ஒரு கட்டணம்.

தபால் கந்தோரில் தருகிற ரிச்செவூத்தா என்கிற ரசீது, கடவுச்சீட்டுக்கு அடுத்த பெறுமதியான காகிதம். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் கைரேகை வைக்கிற நாள் வரும்வரையும், அட்டை கைக்கு வரும்வரையும் அதுதான் உங்கள் அடையாளம். அட்டைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். விசா முடிந்தபின் ரிச்செவூத்தாவை மட்டும் நம்பி சுவிஸிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தக்காரரின் கலியாணத்துக்கு வெளிக்கிட வேண்டாம். மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு அது செல்லாது.

கோதிச்சே பிஸ்காலே என்கிற வரி எண் இல்லாமல் கைபேசி சிம் எடுப்பதே கரைச்சல். பிரெபெத்தூரா வழியாகப் போகிறவர்களுக்கு அங்கேயே கிடைத்துவிடும். மற்றவர்கள் வரித் திணைக்களமான அஜென்சியா தெல்லே எந்த்ராத்தேயில் எடுக்கலாம். காசு இல்லை. யாராவது காசு கேட்டால் அது அவருடைய கூலி, அரசாங்கத்தின் கட்டணம் அல்ல.

இனி வீடு. முதல் கிழமைகளில் தெரிந்தவர் வீட்டில்தான் பெரும்பாலும் தங்குவீர்கள். வெளிநாட்டவரை வீட்டில் வைத்திருப்பவர் 48 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். சொந்த அண்ணனே என்றாலும் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் 4+4 (நாலு வருடம், பிறகு இன்னும் நாலு), 3+2 (மூன்று வருடம், பிறகு இன்னும் இரண்டு) என்ற இரண்டுதான் குடும்பத்துக்குப் பொருத்தம். பதிவு என்றதும் வரி கூடும் என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அப்போது நீங்கள் எடுக்க வேண்டிய பேச்சு 3+2 ‘கனோனே கொன்கொர்தாத்தோ’. இந்த முறையில் வாடகைக்கு உள்ளூர் உடன்படிக்கைப்படி ஒரு உச்சவரம்பு இருக்கும்; பதிலுக்கு வீட்டுக்காரர் 21 வீதத்துக்குப் பதிலாக 10 வீத வரியோடு தப்பலாம். பலெர்மோ இந்தச் சலுகைக்குள் வருகிற நகரம். கணக்குப் போட்டுக் காட்டினால் இறங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு ஒரே வீதத்தில் வரி கட்டுகிற இந்த முறையை அவர் எடுத்தால், அது நடைமுறையில் இருக்கும்வரை இடையில் வாடகையைக் கூட்டவும் முடியாது. கையெழுத்தான 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு ரசீதின் பிரதி உங்களிடம் இருக்கட்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்டால் அது சட்டத்துக்கு மீறியது.

வாடகை வீடென்றால், பதிந்த ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் நகரசபையின் குடிப்பதிவுப் பகுதியான அனாக்ராபேயில் ரெசிதென்சா, அதாவது வதிவிடம், பதியலாம். இரண்டு வேலை நாளில் பெயரை ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு 45 நாளுக்குள் விஜிலே என்கிற நகரசபைப் பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் முதலில் பார்ப்பது வாசல் அழைப்புமணியைத்தான். நம்முடைய பெயர்கள் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது. பழைய குடியிருப்பாளரின் பெயருக்கு மேலே வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மழைக்கு அழியாமல் டேப் ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் அப்படியொரு ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பத்து வருடம் கழித்துக் குடியுரிமைக்குப் போடும்போது எண்ணப்படுவது இந்தப் பதிவு இடைவெளியில்லாமல் இருந்த காலம்தான். குடும்பத்தைக் கூப்பிட வீட்டுத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கும் வீட்டுக் காகிதம்தான் கேட்பார்கள்.

வேலை, குடும்ப அனுமதியில் இருப்பவர்களுக்கு மருத்துவப் பதிவு இலவசம். அரசாங்க சுகாதாரச் சேவையான ஏஎஸ்பியின் கந்தோரில் குடும்ப வைத்தியரைத் தெரிவு செய்யலாம். மாணவர்கள் அரசாங்கக் காப்புறுதி விரும்பினால் வருடத்துக்கு 700 யூரோ. 2024 ஏப்ரலில் தொடங்கிய ‘டிஜிட்டல் நோமாட்’ (இணையவழி தொலைவேலைக்காரர்) விசாவில் மடிக்கணினியோடு வருகிறவர்கள் காப்புறுதியை முதலிலேயே காட்டியிருக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கும்போது கூரையில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 வறட்சியில் நகரத்தில் தண்ணீரை முறைவைத்துத்தான் விட்டார்கள். பல்லாரோ சந்தைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் கீழ்மாடி மலிவுதான். மாசியில் சுவர் வியர்த்துப் போர்வை ஈரமாகும். வெப்பமூட்டி இல்லாத வீடுகள் நிறைய. சிசிலியில் குளிர் இல்லை என்று சொல்கிறவர்கள் ஆடியில் வந்து போனவர்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். எண்பதுகளில் வந்த எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும்தான் காலூன்றினார்கள். இன்றும் அதுவே பெரும்பகுதி. சம்பளம் வடக்கைவிடக் குறைவு. அதனால்தான் ரெஜ்ஜோ எமிலியா, ஜெனோவா என்று போனவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலையென்றாலும் ஐஎன்பிஎஸ் என்கிற சமூகக் காப்புறுதிப் பதிவும் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உங்கள் உரிமை. மொழிக்குச் சிபிஐஏ என்கிற அரசாங்க முதியோர் கல்வி நிலையத்தில் இலவச வகுப்பு உண்டு. ஐந்து வருடத்தில் நீண்டகால அனுமதிக்கு ஏ2 என்கிற அடிப்படை நிலை இத்தாலிய மொழிச் சான்றிதழ் கேட்பார்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பல்லாரோ சந்தையில் கோடையில் ‘தெனெரூமி’ என்று கட்டுக்கட்டாக விற்பது நம்முடைய சுரைக்கொழுந்துதான். அவர்கள் பாஸ்தாவோடு அவிப்பார்கள், நாங்கள் தேங்காய்ப்பூ போட்டு வறை வறுப்போம். சூரையும் மத்தியும் காலையில் போனால் நல்லதாகக் கிடைக்கும்.

ஜூலை 15 சாந்தா ரொசாலியாவின் நாள், கந்தோர்கள் பூட்டு. 1624 கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காத்தவள் என்று நம்பப்படுகிறவள். செப்டெம்பர் 4க்கு பெல்லெகிரினோ மலை ஏறுகிற கூட்டத்தில் சைவ சமயக்காரரும் வெறுங்காலோடு போவார்கள். புதிதாக வந்தவருக்கு ஊராட்களைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. வீடு காலியாவது, வேலைக்கு ஆள் தேடுவது எல்லாம் அந்தப் படிகளில்தான் காதில் விழும்.

அங்கேயே இன்னொரு வகை ஆளையும் சந்திப்பீர்கள்: ரெசிதென்சா போட விலாசம் விற்கிறவர். நீங்கள் இருக்காத வீட்டின் விலாசம் விஜிலே வந்த அன்றே உடைந்துவிடும், பொய்ப் பிரகடனத்துக்கு வழக்கும் வரலாம். காசை அவரிடம் கொடுக்காமல் அருகிலுள்ள பத்ரொனாத்தோ என்கிற, படிவ வேலைகளுக்கு உதவுகிற கந்தோருக்கு ஒப்பந்தத்தோடு போங்கள். காலை எட்டரைக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள்.