பெரிய ஸ்கேல் பிளேன் மாடல் வாங்குறதுக்கு முன்னாடி அலமாரிய அளந்துக்கோங்க

1/32னு (அதாவது நிஜ பிளேன்ல 32ல ஒரு பங்கு சைஸ்) பாத்ததும் ஆசைல ஆர்டர் போட்றாதீங்க, நிஜ பிளேனோட இறக்கை அகலத்த, அதாவது ஒரு இறக்கை நுனில இருந்து அடுத்த நுனி வரைக்கும் உள்ள நீளத்த, 32ஆல வகுத்துப் பாருங்க மொதல்ல. 1932ல அமெரிக்க பைலட் ஜிம்மி டூலிட்டில் தாம்சன் டிராஃபிங்கிற விமான ரேஸ்ல ஜெயிச்ச அந்த குண்டு ரேஸ் பிளேன் ஜீ பீ ஆர்-1 இருக்குல்ல, அது நிஜத்துலயே 7.6 மீட்டர்தான், அதனால 1/32ல 24 செ.மீ.க்குள்ள முடிஞ்சிரும், புக் ஷெல்ஃப்லயே வெச்சிக்கலாம். அதே ஸ்கேல்ல டிசி-3 பேசஞ்சர் பிளேன் வாங்குனா 90 செ.மீ., பீரோ மேலதான் எடம்! அதுக்கு 1/72 போதும், 40 செ.மீ. வரும். ரேஸ் பிளேன்னா தயங்காம பெருசா போங்க, என் ஓட்டு அதுக்குத்தான். ஜீ பீக்கு வெள்ளைய மொதல்ல அடிச்சு நல்லா காயவிட்டு வெள்ளையா இருக்க வேண்டிய எடத்த மறைக்க மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அப்புறமா செவப்பு அடிங்க, மாத்தி அடிச்சா செவப்பு அடில இருந்து ரோஸா தெரியும்.