பேச வராத குழந்தைக்கும் கண் டெஸ்ட் உண்டு

எழுத்துப் படிக்கத் தெரியட்டும், அப்புறம் கண்ணைக் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கும் குழந்தை, நல்ல கண்ணை வைத்தே ஓடும், படம் பார்க்கும், கீழே கிடக்கும் சின்னப் பொருளைக்கூடப் பொறுக்கி எடுக்கும். தனக்குக் குறை இருப்பதே அதற்குத் தெரியாது என்பதால் சொல்லவும் சொல்லாது. இதற்குள் மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிப் பழகிவிடும். இதுதான் சோம்பேறிக் கண். 7 வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலன் தரும், போகப் போகக் கடினம்.

பிறந்த குழந்தைக்கு முதலில் பார்ப்பது கண்மணிக்குள் ஒளியைப் பாய்ச்சும்போது சிவப்பாகத் திரும்பி வருகிறதா என்பதை. வெள்ளையாகத் தெரிந்தால் கண்புரையோ விழித்திரைப் புற்றுநோயோ இருக்கலாம். பிளாஷ் போட்டு எடுத்த போட்டோக்களில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால், கோணத்தால்கூட அப்படித் தெரியலாம்தான், இருந்தாலும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைச் சோதனை தனியாக உண்டு. பிறந்து சுமார் 4 வாரத்தில் அதைச் செய்தாக வேண்டும், தேதி தவறக் கூடாது.

முதல் சில மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகிப் போவது சகஜம். 3 மாதத்துக்குள் முகத்தைப் பார்த்து, அசையும் பொருளைக் கண்ணால் தொடர வேண்டும். 4 மாதத்துக்குப் பிறகும் மாறுகண் தெரிந்தால் காட்டிவிடுங்கள். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் சரி.

ஒன்று, இரண்டு வயதில் கோடு போட்ட அட்டை ஒன்றும் வெறும் அட்டை ஒன்றும் காட்டி, குழந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். ஒளியைக் காட்டி, அது இரண்டு கருவிழியிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்றும் கவனிப்பார்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: குழந்தை விளையாடும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மெதுவாக மறையுங்கள், பிறகு மற்றதை. ஒரு பக்கம் மறைக்கும்போது மட்டும் திமிறி அழுதால், திறந்திருக்கும் கண்ணில்தான் சந்தேகம்.

3 வயதிலிருந்து ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் மாதிரியான படங்கள். பெயர் சொல்லக்கூட வேண்டாம், கையில் உள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். போவதற்கு முன்னால் இந்த விளையாட்டை வீட்டில் ஆடிப் பார்த்துவிட்டால் அங்கே பயப்படாது. பிள்ளைகள் தன் கையால் கண்ணை மூடினால் விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும் (கில்லாடிகள்!), அதனால் ஒட்டும் பட்டை கேளுங்கள். படிக்கும் கடைசி வரிசை இரண்டு கண்ணுக்கும் இடையே இரண்டு வரி வித்தியாசப்பட்டால், நல்ல கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேற்கொண்டு சோதிக்க வேண்டும்.

பள்ளி வயதில் வழக்கமான எழுத்து அட்டைதான். 6/12 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரிலிருந்து படிப்பதைப் பிள்ளை 6 மீட்டரிலிருந்துதான் படிக்கிறது என்று பொருள். கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்குவது) பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்கும், வருடம் ஒருமுறை பாருங்கள். நிறக்குறைபாடு பையன்களிடம்தான் அதிகம், அதையும் ஒருமுறை சோதித்துவிடலாம்.

சொட்டு மருந்து விட்டுப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். குழந்தையின் கண் தானாகவே இறுக்கிக் கூர்மையாக்கிக்கொள்ளும் என்பதால் தூரப்பார்வைக் குறை (கிட்டத்தில் இருப்பது மங்குவது) மறைந்துகொள்ளும். மருந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தியதும், கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பும் விதத்தை வைத்தே, குழந்தை வாயைத் திறக்காமல் பவரைக் கணக்கிட்டுவிடலாம். அதன் பிறகு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும்; சில மருந்துகளுக்கு ஒரு நாள், அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். அதனால் பரீட்சை நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், வெயிலுக்கு ஒரு தொப்பியும் எடுத்துப் போங்கள்.