கலியாணத்துக்கு முந்தின இலையுதிர்காலம்: இருவராய் அப்பிள் பிடுங்கப் போவது எப்படி

கலியாணப் பதிவு எழுத்து முடிந்து, கலியாணம் அடுத்த வருடம் என்றிருக்கிற சோடிகளுக்கு ரொறன்ரோவில் செப்டெம்பர், ஒக்டோபர் வார இறுதிகள் ஹோல் பார்ப்பதிலும் அழைப்பிதழ் மாதிரி பார்ப்பதிலுமே கரைந்துவிடும். மிஞ்சுகிற ஒரு வார இறுதியை அப்பிள் தோட்டத்துக்கு ஒதுக்கலாம். முதல் நாள் தோட்டம், அடுத்த நாள் குசினி. இரண்டிலும் இருவருக்கும் வேலை உண்டு.

எந்தத் தோட்டம் என்பதைவிட எந்தக் கிழமை என்பதுதான் முக்கியம். ஒன்ராறியோவில் மக்கின்ரொஷ், காலா என்ற அப்பிள் வகைகள் செப்டெம்பர் நடுப்பகுதியில் பழுக்கும். ஹனிகிரிஸ்ப் அதையொட்டி வரும். எல்லாரும் அதைத்தான் தேடுவதால் முதலில் முடிந்துபோவதும் அதுதான். எம்பயர் ஒக்டோபர் தொடக்கத்தில். ஐடா ரெட், நோர்தேர்ன் ஸ்பை இரண்டுக்கும் ஒக்டோபர் நடுப்பகுதியாவது ஆகவேண்டும். கோடை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து இது ஒரு கிழமை முந்தலாம், பிந்தலாம். அதனால் போவதற்கு முதல் நாள் இரவு தோட்டத்தின் இணையப் பக்கத்தில் அன்று பிடுங்கக்கூடிய வகைகளைப் பாருங்கள். வார இறுதியில் பல தோட்டங்கள் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

தவிர்க்கவேண்டிய நாள் நன்றியறிதல் வார இறுதி, அதாவது ஒக்டோபர் இரண்டாவது திங்களை ஒட்டிய மூன்று நாட்கள். பழத்தைவிட வாகனத் தரிப்பிடம் தேடுவதில்தான் பொழுது போகும். புரட்டாசிச் சனி பிடிக்கிற வீடென்றால் சனிக்கிழமை காலையில் எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கும். அப்படியானால் தோட்டத்துக்கு ஞாயிறு போங்கள், சமையலை அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பார்க்கலாம். எந்த நாளானாலும் திறக்கிற நேரத்துக்கே போய்விடுவது நல்லது. பதினொரு மணிக்குப் பிறகு ஓரத்து மரங்களில் கைக்கெட்டும் பழம் இருக்காது.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போமன்வில் வசதி. நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். மேற்கே இருப்பவர்களுக்கு மில்ட்டன்.

ஒக்டோபர் காலையில் 5 பாகை குளிர் இருக்கும், மத்தியானம் 14, 15 வரை ஏறும். ஒரு தடித்த கோட்டைவிடக் கழற்றிப் போடக்கூடிய இரண்டு மெல்லிய உடுப்புகள் நல்லது. மரவரிசைகளுக்கு நடுவே புல் பனியில் நனைந்து கிடக்கும், வெள்ளைச் சப்பாத்து வேண்டாம். கனடாவில் லைம் நோயைக் கடத்தும் கறுப்புக்கால் உண்ணிகள் 4 பாகைக்கு மேல் இருக்கும்வரை நடமாடும். காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, தலைமுடி ஓரம் பாருங்கள்.

படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. கைபேசியில் எடுப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். படப்பிடிப்பாளரைக் கூட்டிப்போவதென்றால் முன்னனுமதியும் பெரும்பாலும் தனிக் கட்டணமும் தேவைப்படும். சேலை கட்டுவதானால் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கக் கட்டி, கீழே பூட்ஸ் போடுங்கள். இல்லாவிட்டால் கரை முழுக்கச் சேறுதான்.

இனிப் பிடுங்குதல். கீழே இழுப்பதுதான் எல்லாரும் செய்கிற பிழை. இழுத்தால் பழம் வரும், கூடவே அது தொங்கிய குறுங்கொம்பும் முறிந்து வரும். அடுத்த வருட மொட்டு அந்தக் கொம்பில்தான் இருக்கிறது. கிளை உதறுவதில் பக்கத்துப் பழங்களும் விழும். உள்ளங்கையில் பழத்தை ஏந்தி, கிளைப் பக்கமாக மேலே உயர்த்தி, மெல்லத் திருகுங்கள். முற்றிய பழம் காம்போடு கையில் வந்துவிடும். இரண்டு முறை திருகியும் வராவிட்டால் அது இன்னும் ஆகவில்லை, விட்டுவிடுங்கள். காம்பு பிய்ந்த பழத்தைத் தனியாக வைத்து முதலில் சாப்பிடுங்கள், அழுகல் அந்தக் குழியில்தான் தொடங்கும்.

சிவப்பை நம்பவேண்டாம். வெயில் பட்ட பக்கம் காயாக இருக்கும்போதே சிவந்துவிடும். சிவப்புக்கு அடியில் தெரிகிற நிறத்தைப் பாருங்கள்: இலைப்பச்சை என்றால் காய், வெளிர்மஞ்சள் என்றால் பழம். சந்தேகமென்றால் ஒன்றை வெட்டி விதையைப் பாருங்கள், கபிலமாக இருக்கவேண்டும். மரத்தின் வெளிப்புறமும் மேற்புறமும் முதலில் பழுக்கும், உள்ளே நிழலில் இருப்பவை பிந்தும்.

ஒருவர் பிடுங்க மற்றவர் பையை நெஞ்சளவில் பிடித்துக்கொள்ளுங்கள். பழத்தை எறியக்கூடாது, வைக்கவேண்டும். கன்றிய இடம் அன்று தெரியாது, அடுத்த நாள்தான் கபிலமாகும். அந்தப் பழம், பழுக்கவைக்கிற எதிலீன் வாயுவைக் கூடுதலாக விட்டுச் சுற்றியுள்ளவற்றையும் கெதியாய் நொய்யவைக்கும். நிலத்தில் கிடப்பதை எடுக்கவேண்டாம். பார்க்க நல்லாயிருந்தாலும் மான் நடமாடும் புல் அது, எச்சத்திலிருந்து வயிற்றைக் கெடுக்கும் ஈகோலை பக்டீரியா தொற்றலாம்.

எவ்வளவு வாங்குவது? 10 இறாத்தல் பையில் ஏறக்குறைய 30 பழம் பிடிக்கும். தனித்தனி வீட்டில் இருக்கிற இருவருக்கு அது போதும். 20 இறாத்தல் விலையில் இலாபமாகத் தெரியும், ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருக்காது, வெளியே வைத்தால் இரண்டு கிழமையில் மாவாகிவிடும்.

வகையைப் பயனுக்கேற்பத் தெரியுங்கள். மக்கின்ரொஷ் ஒன்ராறியோவின் சொந்தப் பிள்ளை, 1811 இல் டண்டேலா என்ற இடத்தில் ஜோன் மக்கின்ரொஷ் தன் காணியில் கண்டெடுத்த கன்றுகளின் வழி வந்தது. வேகவைத்தால் கரைந்துவிடும் என்பதால் களிக்கு அருமை, மாவுறைக்குள் பழம் வைத்துச் சுடுகிற ‘பை’ (pie) பலகாரத்துக்கு உதவாது. அந்தப் பலகாரத்துக்கும் நாட்பட வைப்பதற்கும் நோர்தேர்ன் ஸ்பை. கடித்துச் சாப்பிட எம்பயர், ஹனிகிரிஸ்ப்.

கிழக்கே வந்த பயணம் செப்டெம்பரில் என்றால் போமன்வில்லிலிருந்து இன்னும் 35 கிலோமீற்றர் போய் போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்றின் கோர்பெட் அணையையும் பாருங்கள். ஒன்ராறியோ ஏரியிலிருந்து முட்டையிட ஏறிவரும் சினூக் சல்மன் மீன்கள் அங்கே தண்ணீரை உதைத்துத் துள்ளும். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் வரத்துக் குறைந்துவிடும். மழை பெய்து ஆறு ஏறிய மறுநாள் கூடுதலாக வரும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள், கழுவினால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். துளையிட்ட பிளாஸ்ரிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், 4 பாகைக்குள் வையுங்கள். அதே தட்டில் கரட் வேண்டாம், எதிலீனால் கரட் கசக்கும்.

அடுத்த நாள் வேலைக்கு அப்பிள் பட்டர், அதாவது பழத்தை அவித்துச் சுண்டவைத்த களி. மக்கின்ரொஷ் 2 கிலோ, தண்ணீர் 1 கப், சீனி 300 கிராம், கறுவாத்தூள் 2 தேக்கரண்டி, கராம்புத்தூள் கால் தேக்கரண்டி, தேசிக்காய்ப்புளி 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. தோலைச் சீவவேண்டாம், களியை இறுக்குகிற பெக்டின் தோலிலும் நடுத்தண்டிலும்தான் இருக்கிறது. நடுத்தண்டை விதையோடு வெட்டி எடுத்து ஒரு துணியில் கட்டிப் பானைக்குள் போட்டுவிட்டு, வெந்ததும் பிழிந்து எறியுங்கள். மூடி, 25 நிமிடம் அவித்து, கைமிக்சியால் அடியுங்கள். சீனியும் தூள்களும் புளியும் உப்பும் இதற்குப் பிறகுதான். முதலிலேயே சீனி போட்டால் அடிப்பிடித்துக் கருகும்.

சுண்டவைப்பதை அடுப்பின் மேலே செய்தால் கொதிக்கும் களி கையில் தெறித்துச் சுடும். அகலத் தட்டில் ஊற்றி, 300 பாகை பரனைட் வெப்ப ஓவனில் மூடாமல் வைத்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் விருந்தினர் பட்டியலை ஒருமுறை பார்த்து முடிக்கலாம், சண்டை வராவிட்டால். பதம் பார்க்க, குளிரவைத்த கோப்பைத் தட்டில் ஒரு கரண்டி வையுங்கள். சுற்றிவர நீர்வளையம் கசிந்தால் இன்னும் கால் மணி நேரம் வேண்டும். கசியாமல் குவிந்து நின்றால் இறக்கலாம்.

இது ஏறக்குறைய ஒரு கிலோ வரும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று கிழமை நிற்கும். உறைநிலைப் பெட்டிக்குப் போகும் போத்தலில் மேலே ஓர் அங்குலம் வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். மாமிக்கோ மாமாவுக்கோ நீரிழிவு இருந்து, சீனி போடாமல் தனியாகச் செய்து கொடுப்பதென்றால், பழத்தின் சீனியே சுண்டிச் செறிந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

சரியாகப் பழுக்காத புளிப்புக் காய்கள் மிஞ்சினால் ஊறுகாய் போடலாம், மாங்காய் அகப்படாத ஊரில் நல்ல ஈடு. அரைக் கிலோவைத் தோலோடு அரை அங்குலத் துண்டாக்கி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, ஒரு தேசிக்காயின் புளி சேர்த்துப் பிரட்டுங்கள். நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டியில் கடுகு வெடிக்கவிட்டு, பொடித்த வறுத்த வெந்தயம் கால் தேக்கரண்டியும் பெருங்காயமும் போட்டு, ஆறியபின் ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் துண்டுகள் குழையும். குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நாள் மொறுமொறுப்பு நிற்கும், பிறகு தண்ணீர் விட்டுவிடும்.